நல்ல கைக்கருவி சேக்குறவங்க டெல்டா பக்கம் யாராச்சும் இருக்கீங்களா? இங்கிலாந்து ஷெஃபீல்டு, ஜப்பான், நம்மூர் பட்டறை எல்லாம் பேசலாம்

கொள்ளிடக்கரையான்
வணக்கம் மக்களே. டிரில் மெஷின், கிரைண்டர் பத்தி பேச ஆயிரம் எடம் இருக்கு, கையால புடிச்சு ஓட்டுற சாமான் பத்தி தமிழ்ல பேசத்தான் ஆளக் காணும், அதான் இந்த இழை. நான் இருக்கறது மாயரம் பக்கம், பொழப்பு ஆடிட்டர் ஆபீஸ்ல, தச்சு வேலை சும்மா ஆசைக்கு. பழைய இரும்புக்கடைல மேயறது அதவிட பெரிய ஆசை. இழைப்புளி, உளி, ஸ்பேனர், அரம்னு ஒரு பீரோ ரொம்பிடுச்சு, வீட்ல திட்டு.

ரெண்டு விஷயம் கேக்கணும். ஐப்பசி கார்த்திகை வந்தா நம்ம பக்கம் செவுரே வேர்க்குது, எண்ணெய் தடவி வச்சாலும் துரு ஏறுது, நீங்கல்லாம் என்ன பண்றீங்க? இன்னொண்ணு, மூடிப்போன ஒரு ஆயில் இன்ஜின் பட்டறை சாமான எடைக்கு போட்டாங்க, அதுல ஒரு கட்டு ஸ்பேனர் எடுத்தேன், மேட் இன் இங்கிலாண்ட், கையில புடிச்சா சும்மா கும்முனு இருக்கு. ஆனா 3/8 டபிள்யூன்னு அடிச்சிருக்கு, வாய் என்னடான்னா 18 மில்லி நட்டுல உக்காருது. 3/8 இன்ச்னா ஒம்போதரை மில்லி தானே, இது என்ன கணக்கு?

வெண்ணாத்து வாத்தியார்
தம்பி, அது விட்வொர்த் ஸ்பேனர். டபிள்யூன்னா அதான். ஐடிஐ-ல ஃபிட்டர் பசங்களுக்கு வருஷா வருஷம் இத சொல்லி சொல்லி தொண்ட காஞ்சவன் நான், இங்கயும் சொல்லிடறேன்.

ஜோசப் விட்வொர்த்னு இங்கிலாந்துக்காரர், 1841-ல திருகு மரைக்கு ஒரே அளவு வேணும்னு முறை கொண்டாந்தாரு, மரையோட கோணம் 55 டிகிரி. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை போட்டுச்சு, ஒருத்தன் போல்ட்டுக்கு இன்னொருத்தன் நட்டு சேராது. இந்த முறைல ஸ்பேனர்ல எழுதியிருக்கறது வாயோட அகலம் இல்ல, போல்ட்டு தண்டோட தடிமன். 3/8 போல்ட்டோட நட்டு தலை 0.71 இன்ச், அதாவது 18 மில்லி சொச்சம், அதான் உங்களுக்கு உக்காருது. 1/2 டபிள்யூ எடுத்தா வாய் 0.92 இன்ச் இருக்கும், அளந்து பாருங்க. அப்புறம் பி.எஸ்.எஃப்னு பொடிமரை ஒண்ணு உண்டு, அதுல 7/16-க்கும் இதே 3/8 டபிள்யூ ஸ்பேனர்தான், சில ஸ்பேனர்ல ரெண்டையும் பக்கத்து பக்கத்துல அடிச்சிருப்பான்.

லிஸ்டர் இன்ஜின் வச்சிருந்த பட்டறையா இருந்தா சந்தேகமே வேணாம், பழைய இங்கிலீஷ் இன்ஜின்ல பெரும்பாலும் இந்த மரைதான். அத பாத்து ராஜ்கோட்ல அடிச்ச இன்ஜின்லயும் ரொம்ப நாள் இதே மரை ஓடுச்சு. ஒரு செட்டு முழுசா கெடச்சிருந்தா பத்திரமா வைங்க, பிரிச்சு குடுக்காதீங்க.

கும்மோணம் குசும்பன்
வாத்தியாரே எங்க தெரு மெக்கானிக்குக்கு விட்வொர்த்தும் தெரியாது மில்லியும் தெரியாது, எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்க்ரூ ஸ்பேனர், அதையும் தலைகீழா போட்டு எம்பி எம்பி நட்ட கோலி குண்டாக்கிட்டுதான் விடுவாரு 😂

காரைக்கால் கப்பல்காரன்
ஸ்க்ரூ ஸ்பேனர கேவலமா பேசாதீங்க குசும்பரே, தப்பு ஸ்பேனர்ல இல்ல. ஸ்வீடன்ல யோஹான் பெட்டர் யோஹான்சன்னு ஒருத்தர் 1892-ல பேட்டண்ட் வாங்குன டிசைன் அது, பாக்கோ கம்பெனி ஸ்பேனர் அங்கேருந்து வந்தது. இழுக்கற வேகம் நகராத தாடை மேல விழணும், நகர்ற தாடை மேல விழுந்தா தாடைய நகத்துற பொழு (திருகு) ஆட்டம் குடுத்து வாய் விரியும், நட்டு வழுக்கும், அவ்ளோதான் சூட்சுமம்.

நான் கப்பல்ல இன்ஜின் ரூம் ஆளு. போர்ட்ல எறங்குனா மத்தவங்க செண்டு சாக்லேட் வாங்குவாங்க நான் டூல் கடைக்கு போயிடுவேன். ஜெர்மன் க்னிபெக்ஸ் பிளையர் (வுப்பர்டால் ஊர்ல 1882-லேருந்து இருக்கற கம்பெனி) அதுல கோப்ராங்கற வாட்டர் பம்ப் பிளையர் ஒண்ணு வாங்கி பாருங்க, பைப்ப கவ்வுனா கைப்புடியை விட்டாலும் தொங்கும், அந்த பல்லு அப்படி பதம் வச்சிருப்பான். அமெரிக்காவுல எஸ்ட்விங் சுத்தி, தலையும் புடியும் ஒரே இரும்புல அடிச்சது, 1923-லேருந்து பண்றான், தலை கழண்டு பறக்கற பேச்சே கெடையாது. ஆனா நாள் பூரா அடிச்சா மணிக்கட்டு வலிக்கும், என் கைக்கு மரப்புடிதான் சுகம்.

துரு விஷயம்: பீரோ இரும்பா மரமா? இரும்பு பீரோன்னா ராத்திரி குளுந்ததும் உள்ள வேர்க்கும். நாங்க கப்பல்ல உப்புக் காத்துல குடும்பம் நடத்துறவங்க, சொல்றேன் கேளுங்க: கைபட்ட டூல அப்படியே வைக்காதீங்க, வேர்வைல உப்பு இருக்கு. தொடச்சு எண்ணெய் துணி போட்டு இழுத்துட்டு வைங்க. சாக்குல சுத்தி வைக்கவே வைக்காதீங்க, ஈரத்த இழுத்து இரும்பு மேலயே வச்சுக்கும்.

திருவாரூர் தச்சன்
அண்ணே நாங்க பரம்பரையா மரவேலை. எங்க தாத்தா காலத்துலேருந்து தேங்காண்ணதான், இழைப்புளி அடில தடவுனா வழுக்கிட்டு ஓடும் துருவும் புடிக்காது. நல்லெண்ணெய் மட்டும் போடாதீங்க, நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆயி தூசிய புடிச்சு வச்சுக்கும், அப்புறம் சொரண்டிதான் எடுக்கணும். பெட்டில ரெண்டு வில்லை சூடம் போட்டு வைப்பாங்க எங்க வீட்ல.

வெண்ணாத்து வாத்தியார்
தச்சன் தம்பி சொல்றது சரி. நல்லெண்ணெய் பாதி காயற எண்ணெய், காத்து பட்டா கோந்தாகும். தேங்காண்ண காயாது. ஜப்பான்ல தச்சருங்க கமேலியா விதை எண்ணெய் தடவறதும் இதே காரணம்தான், அதுவும் காயாத எண்ணெய். பித்தளை சாமானுக்கு மட்டும் தேங்காண்ண வேணாம், சிக்கு எடுத்துச்சுன்னா பச்சை பூக்கும், அதுக்கு மிஷின் ஆயில். சூடம் போடற வழக்கம் வெளிநாட்டு மெஷினிஸ்டுங்க கிட்டயும் உண்டு. ஆனா சூடத்த நம்பி எண்ணெய் தடவாம விட்டா பூஜைக்குத்தான் ஆகும்.

ஏற்கனவே துரு ஏறி போனதுக்கு வழி சொல்றேன். பிளாஸ்டிக் பக்கெட்ல தண்ணி, அதுல துணி தொவைக்கற வாஷிங் சோடா ரெண்டு மூணு ஸ்பூன், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். மைனஸ் ஒயர் டூல்ல, பிளஸ் ஒயர் ஏதாச்சும் ஒதவாத இரும்புத் தகட்டுல, ரெண்டும் தொட்டுக்க கூடாது. ராத்திரி போட்டு காலைல எடுத்தா துரு கருப்பு சேறா வழிச்சுட்டு வரும், அடில நல்ல இரும்பு அப்படியே இருக்கும், அடிச்ச பேரு நம்பர் எதுவும் அழியாது. பிளஸ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்றாதீங்க, குரோமியம் கரைஞ்சு தண்ணி விஷமாகும். அலுமினியத்த உள்ள விடாதீங்க. ஹைட்ரஜன் வரும், திண்ணைல திறந்த எடத்துல வைங்க, பீடி பத்த வச்சுட்டு கிட்ட போயி எட்டி பாக்க வேணாம்.

வினிகர்ல ஊற வைக்கறதும் நல்லாத்தான் வேலை செய்யும், ஆனா மறந்துட்டா இரும்பையே தின்னுடும். எடுத்ததும் ஆப்பசோடா தண்ணில அலசிட்டு தொடச்சு எண்ணெய் போடணும்.

கொள்ளிடக்கரையான்
வாத்தியார் அய்யா காலுல விழறேன். சார்ஜர் இருக்கு, இந்த ஞாயித்துக்கெழமை ஆரம்பிச்சுடறேன். அடுத்தது ஜப்பான் ரம்பம் ஒண்ணு ஆன்லைன்ல பாத்து வச்சிருக்கேன், ரெண்டு பக்கமும் பல்லு, இழுக்கறப்ப அறுக்கும்கறான், ரியோபான்னு பேரு. வாங்கலாமா?

திருவாரூர் தச்சன்
வாங்குங்க, ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு வாங்குங்கண்ணே. ஒரு பக்கம் நீளவாக்குல கிழிக்க, மறுபக்கம் குறுக்க அறுக்க. தகடு பேப்பர் மாதிரி இருக்கும், இழுத்து அறுக்கறதால வளையாது, அதனாலதான் அவ்ளோ மெல்லிசா பண்ண முடியுது, கோடும் மயிரிழைதான் விழும். பிளைவுட், பலா, மலைவேம்புன்னா அள்ளிக்கிட்டு போகும். ஆனா அது அவங்க ஊரு செடார் சைப்ரஸ் மாதிரி மெது மரத்துக்கு வச்ச பல்லு. பழைய வேங்கைலயும் கருவேலத்துலயும் போட்டு இழுத்தீங்கன்னா பல்லு முனை ஒடிஞ்சு கொட்டும். தேக்குல வேற மணல்சத்து இருக்கு, எந்த பல்லையும் சீக்கிரம் மொக்கையாக்கிடும். இப்ப வர்ற ரம்பத்துல பல்லு முனை மட்டும் கருநீலமா இருக்கும், கரண்டு வச்சு சூடு காட்டி கெட்டியாக்குனது, அதுல அரம் ஏறாது, மழுங்குனா பிளேடையே தூக்கி போட்டு வேற மாட்டணும்.

நமக்கு ஒரு சவுகரியம் என்னன்னா அவங்களும் நாமளும் ஒரே மாதிரி தரைல உக்காந்து காலால மரத்த புடிச்சுக்கிட்டு வேலை செஞ்ச ஆளுங்க. வெள்ளைக்காரன்தான் இடுப்பு ஒசர மேஜை, வைஸு எல்லாம் வேணும்பான். அதனால இழுவை ரம்பம் நம்ம ஆசாரிங்க கைக்கு ஒரு நாள்ல பழகிடும். எங்கப்பா வாங்கி பாத்துட்டு திருப்பியே தரல.

என்னைய கேட்டா தினப்படி வேலைக்கு பழைய ஷெஃபீல்டு ரம்பம், ஸ்பியர் ஜாக்சனோ டிஸ்டனோ (டிஸ்டன் அமெரிக்கா, ஃபிலடெல்ஃபியா) துருவோட கெடச்சாலும் எடுங்க. மூணுபட்டை அரம் ஒண்ணு இருந்தா போதும், ஆயுசுக்கும் தீட்டிக்கலாம்.

காரைக்கால் கப்பல்காரன்
ஜப்பான் உளியையும் சொல்லிடறேன். மிக்கின்னு ஒரு ஊரு ஹியோகோ மாகாணத்துல, சன்ஜோன்னு இன்னொண்ணு நீகாத்தாவுல, ரெண்டும் கொல்லர் ஊரு. அவங்க உளி முழுசும் எஃகு கெடையாது. வாய்ப்பக்கம் மெல்லிசா ஒரு பட்டை கடும் எஃகு, முதுகு பூரா மெது இரும்பு, ரெண்டையும் உலைல ஒட்ட அடிச்சிருப்பாங்க. தீட்டுன எடத்துல பாத்தா ரெண்டும் சேர்ற கோடு தெரியும், எஃகு பளபளன்னு, இரும்பு மங்கலா. பின்பக்கம் குழிவா தோண்டியிருக்கும், முழுசும் தேய்க்க வேணாம், ஓரம் மட்டும் கல்லுல படும். கூர் நிக்கற நிப்பு வேற எதுலயும் நான் பாக்கல. ஆனா நெம்பக் கூடாது, நெம்புனா மொனை செதறும்.

நம்ம பக்கம் பட்டறைல அடிக்கறதெல்லாம் வெறும் லாரி ஸ்பிரிங் பட்டைதான், அந்த தரத்துக்கு வராது, வருத்தமா இருந்தாலும் உண்மை அதான்.

பட்டறை வீட்டுப் பொண்ணு
ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், கடைசி வரிய பாத்ததும் ஐடி தொறந்துட்டேன். கப்பல்கார அண்ணே, கோவமா சொல்லல, ஆனா சொல்லணும்.

எங்கப்பாவுக்கு நீடாமங்கலம் பக்கம் கொல்லுப்பட்டறை. அந்த ரெண்டு இரும்பு ஒட்டறது ஜப்பான்காரங்க சொத்து இல்ல. எங்க தாத்தா அடிச்ச, மரம் செதுக்கற வாச்சி இன்னும் வீட்ல கெடக்கு, ஒடம்பு பச்ச இரும்பு, வாய்க்கு மட்டும் எஃகு வச்சு அடிச்சது. எஃகு வெலை, இரும்பு மலிவு, அதனால வாய்ல மட்டும் வைக்கறது, எல்லா நாட்டு கொல்லரும் பண்ணது. ரெண்டையும் வெள்ளையா காய வச்சு, நடுவுல அழுக்கு ஒதுங்க வெங்காரமோ நைஸ் மண்ணோ தூவி, சூடு எறங்கறதுக்குள்ள சம்மட்டில போடணும். தாத்தா குறடுல புடிச்சுப்பாரு, அப்பாவும் சித்தப்பாவும் மாத்தி மாத்தி அடிப்பாங்க, நான் துருத்தி சுத்துனவ. ஒட்டிச்சா இல்லையான்னு சத்தத்துலயே சொல்லிடுவாரு.

லாரி பட்டை வந்தப்புறம் அந்த வேலை கொறஞ்சு போச்சு, ஏன்னா பட்டை முழுசுமே நல்ல எஃகு, சிலிக்கான் மாங்கனீசு கலந்த ஸ்பிரிங் எஃகு, தனியா வாய் வைக்க தேவையே இல்ல. வெறும் லாரி பட்டைன்னு சொல்றீங்க, கெட்டது பட்டைல இல்லண்ணே தோச்சல்ல, அதாவது காய வச்சு முக்கி பதம் ஏத்தறதுல. அவசரத்துக்கு செஞ்சு குடுக்கறவங்க செவக்க காய வச்சு அப்படியே தண்ணில முக்கி எடுத்து குடுத்துடுவாங்க, ஒண்ணு வெடிப்பு விடும் இல்லன்னா கண்ணாடியா ஒடியும். அப்பா பண்றது என்னன்னா, சூடு சரியா ஏறுச்சான்னு ஒரு காந்தத்த கம்பில கட்டி காட்டுவாரு, இரும்பு 770 டிகிரி தாண்டுனா காந்தம் ஒட்டாது, ஒட்டாம போனதும் இன்னும் கொஞ்சம் காய விட்டு எடுத்து, வாய் மட்டும் ஒரு இன்ச்சு பழைய இன்ஜின் ஆயில்ல முக்குவாரு. குப்புனு தீ புடிச்சு அணையும். ஒடனே வெளிய எடுத்து செங்கல்ல நாலு தேய்ப்பு, வெள்ளையா தெரியும். இப்ப முதுகுல மிச்சம் இருக்கற சூடு மெதுவா வாய்க்கு எறங்கும், கலர் ஓடறது கண்ணுக்கு தெரியும். மொதல்ல லேசா மஞ்சள், அப்புறம் வைக்கோல் நெறம், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். மர உளின்னா வைக்கோல் நெறம் வாய்க்கு வந்ததும் திரும்ப முக்கிடணும், அது ஏறக்கொறைய 230 டிகிரி. நீலம் வர்ற வரைக்கும் விட்டா 300 கிட்ட போயி ஸ்பிரிங்கு பதமாயிடும், கூர் நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல கண்ணு இமைக்கற நேரம்தான், அந்த நேரத்துல போன் அடிச்சா அப்பா போன தூக்கி வீசிடுவாரு.

கருக்கருவா பத்தி யாருமே பேசலையே. உள்பக்கம் உளியால பல்லு பல்லா கொத்தி கருக்கு வைக்கணும், அதுக்கப்புறம்தான் தோச்சல். கொத்தறப்ப ஒரே இடைவெளி விழணும், அளவுகோல் எதுவும் கெடையாது, கையே கணக்கு. இப்ப சம்பா அறுவடைக்கு பெல்ட்டு மிஷின் வந்தப்புறம் ஆர்டர் மாட்டுத்தீவனம் அறுக்கறவங்க கிட்டேருந்துதான் வருது. ஜப்பான்லயும் இதே மாதிரி பல்லு வச்ச அருவா விக்கறாங்க, நம்ம ஆளுங்க அத ஆயிரத்து சொச்சம் குடுத்து வாங்கி ஷெல்ஃப்ல வைக்கறாங்க, எங்கப்பாகிட்ட நூறு ரூவாய்க்கு பேரம் பேசறாங்க.

கும்மோணம் குசும்பன்
கப்பல் தரை தட்டிடுச்சு 🚢

காரைக்கால் கப்பல்காரன்
தங்கச்சி சொல்றது நியாயம்தான், பேரம் விஷயத்துல நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, பத்து உளி வாங்குனா பத்தும் ஒரே மாதிரி இருக்கணும்ல, அங்க அது கெடைக்குது. அதுக்குத்தான் காசு குடுக்கறோம்.

வெண்ணாத்து வாத்தியார்
ரெண்டு பேரும் சரி. சந்தேகம் இருந்தா சோதிச்சு பாருங்க, நல்ல அரம் ஒண்ண உளி வாய்ல லேசா ஓட்டுங்க. வழுக்கிட்டு போனா கெட்டி, கடிச்சு சுரண்டுனா மெது, மஞ்ச கலர் பதத்துல இருந்தா லேசா மட்டும் கடிக்கும். ஊருப்பேரு பாத்து வெலை போடறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க.

ஷெஃபீல்டு ஷெஃபீல்டுன்னு சொல்றோமே, அந்த ஊருக்கும் நமக்கும் உள்ள சம்பந்தத்தையும் சொல்லி வைக்கறேன். 1740-கள்ல பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன்னு ஒரு கடிகாரக்காரர், ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு கெடைக்கலன்னு மண்மூசைல (உருக்கற மண்பாத்திரம்) எஃக உருக்கி ஊத்தி பாத்தாரு, ஷெஃபீல்டுக்கு பேரு வந்ததே அதுலதான். மூசைல எஃகு பண்றது நம்ம பக்கம் அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே இருந்தது. ஈரோடு பக்கம் நொய்யல் கரை கொடுமணல்ல இரும்பு உருக்குன உலை எல்லாம் கெடச்சுது, 1980-கள்ல தோண்டுனது நம்ம தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம்தான். தென்னிந்திய எஃக லண்டனுக்கு கொண்டு போயி இது எப்படி இவ்ளோ நல்லா இருக்குன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டவங்கள்ல மைக்கேல் ஃபாரடேயும் ஒருத்தர், கரண்டு கண்டுபிடிப்புக்கெல்லாம் முன்னாடி, 1820 வாக்குல.

இன்னும் கிட்ட வாங்க. கொள்ளிடம் தாண்டுனா பரங்கிப்பேட்டை. அங்க 1830 வாக்குல ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் இரும்பாலை போட்டாரு, சேலத்து இரும்புத்தாது, கரி அடுப்பு. ஆலை கடைசில தேறல. ஆனா அவரு இங்கிலாந்து திரும்பிப் போயி 1839-ல, எஃகுல மாங்கனீசு சேர்த்தா வெடிப்பில்லாம நல்லா வரும்னு பேட்டண்ட் வாங்குனாரு. ஷெஃபீல்டு பூரா அத புடிச்சுக்கிச்சு, அவருக்கு காசு குடுக்காமலேயே. கேசு கேசுன்னு அலைஞ்சு 1851-ல செத்தும் போனாரு. நம்ம பீரோல இருக்கற ஷெஃபீல்டு உளில பரங்கிப்பேட்டைல அடுப்பு மூட்டுன ஆளோட வேலை கொஞ்சம் கலந்திருக்குங்கறத சேக்கறவங்க தெரிஞ்சு வச்சுக்கணும்.

கொள்ளிடக்கரையான்
பரங்கிப்பேட்டைன்னா எனக்கு இதுவரைக்கும் அல்வாவும் நண்டும்தான் அய்யா ஞாபகம் வரும்!

பொண்ணு சொன்ன வெலை விஷயம் உறுத்துது. ஸ்டேன்லி நாலாம் நம்பர் இழைப்புளிக்கு நாமளே போட்டி போட்டு வெலைய ஏத்தி விட்டுட்டோம். ஆமா என்கிட்ட இருக்கறது பழசா புதுசான்னு எப்படி பாக்கறது?

திருவாரூர் தச்சன்
பிளேட கழட்டுங்கண்ணே. பிளேடு சாஞ்சு உக்கார்ற இரும்பு, ஃப்ராக்னு பேரு, அதுக்கு பின்னாடி ஒடம்புல மூணு தேதி வார்த்திருந்தா, மார்ச் 1902, ஆகஸ்ட் 1902, ஏப்ரல் 1910, அது 1910-லேருந்து 1918-க்குள்ள அமெரிக்காவுல செஞ்சது, சேக்கறவங்க உசுர விடற மாடல். நம்ம பக்கம் பெரும்பாலும் மேட் இன் இங்கிலாண்ட்தான் மாட்டும். 1930-கள் பின்பாதில ஸ்டேன்லிக்காரன் ஷெஃபீல்டுல ஒரு கம்பெனிய வாங்கி அங்கயே பண்ண ஆரம்பிச்சான், அதுவும் ரெக்கார்டுங்கற இன்னொரு ஷெஃபீல்டு கம்பெனி இழைப்புளியும்தான் இங்க வந்தது. ரெக்கார்டு மட்டமில்ல, வார்ப்பு நல்லா கனமா இருக்கும், வெலையும் பாதி.

வாங்கறப்ப பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, வாய்கிட்டயும் ஓரத்துலயும் வெடிப்பு இருக்கா. வார்ப்பிரும்பு கீழ விழுந்தா விரியும், வெல்டு வச்சாலும் சரியா வராது. அடிப்பக்கம் கோணலா இருந்தா கண்ணாடி மேல எமரி பேப்பர் ஒட்டி தேச்சு எடுத்துக்கலாம், பிளேடு தேஞ்சிருந்தா வேற போட்டுக்கலாம். புதுசுலயே கை வைக்காம ஓடணும்னா அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல லீ நீல்சன்னு ஒருத்தன் 1981-லேருந்து பண்றான், பழைய ஸ்டேன்லி பெட்ராக் மாடல பாத்து அதவிட கனமா. வரி, கப்பல் கூலி எல்லாம் சேத்தா எங்க ஊட்டு தேக்கு கட்டில் வெலை வரும். அந்த காசுக்கு ஜலந்தர்ல செஞ்ச இழைப்புளி ஒரு பெட்டியே வாங்கலாம், பிளேட மட்டும் உக்காந்து பதமா தீட்டணும்.

கும்மோணம் குசும்பன்
ஒரு நிமிஷம் சீரியஸா பேசறேன். சேக்கறது எதுக்கு? என் சகலை சுவாமிமலைல சிலை வேலை. ஸ்தபதிங்க உளிய கடைல வாங்கறதே இல்ல, தனக்கு வேணுங்கற மொனைய தானே கம்பில அடிச்சு தீட்டி வச்சுக்கறாங்க, கண்ணு தொறக்க ஒண்ணு, நகை வேலைக்கு ஒண்ணு. பேரும் கெடையாது நம்பரும் கெடையாது. அவங்கள கூட்டிட்டு வந்து உங்க பீரோவ காட்டுனா இதுல எத வச்சு என்ன செஞ்சீங்கன்னுதான் கேப்பாங்க.

கொள்ளிடக்கரையான்
கேட்டா ரெண்டு ஸ்டூலும் ஒரு கோணல் அலமாரியும் காட்டுவேன் 😀 சேக்கறதும் ஒரு வேலைதாங்க. பழைய இரும்புக்கடைல நான் எடுக்கலன்னா அடுத்த லோடுல உருக்காலைக்குப் போயி டிஎம்டி கம்பியா வரப்போவுது அந்த கிங் டிக்ங்கற இங்கிலீஷ் கம்பெனி ஸ்பேனரு. அத காப்பாத்தி வச்சா என்னிக்காச்சும் ஒரு லிஸ்டர் இன்ஜின்காரனுக்கு ஆகும்ல. ஆனா ஒண்ணு முடிவு பண்ணிட்டேன், ஜப்பான் உளி செட்டு கார்ட்ல இருந்துச்சு, வேணாம்னு நீக்கிட்டேன். ரம்பம் மட்டும் வாங்கறேன்.

பொண்ணு, உங்க அப்பாகிட்ட மர உளி அடிச்சு வாங்க முடியுமா? அரை இன்ச்சு, முக்கால் இன்ச்சு, ஒரு இன்ச்சு, அப்புறம் பலா மரத்துல கிண்ணம் தோண்ட ஒரு குடைவு உளி. முடிஞ்சா ஒண்ணாச்சும் பழைய முறைல வாய்க்கு எஃகு வச்சு. பேரம் பேச மாட்டேன்.

பட்டறை வீட்டுப் பொண்ணு
அப்பாகிட்ட கேட்டேன். மூணு தட்டை உளி ஒரு வாரத்துல தர்றேங்கறாரு. ஒட்டி அடிக்கறதுக்கு சித்தப்பா திருப்பூர்லேருந்து லீவுல வரணுமாம், சம்மட்டி போட ஆள் வேணும்ல, பொங்கலுக்கு வர்றப்ப பாக்கலாம்ங்கறாரு. குடைவு உளிக்கு வளைவு எவ்ளோன்னு பேப்பர்ல வரைஞ்சு குடுங்க, நெட்ல இருக்கற நம்பர் எல்லாம் அவருக்கு தெரியாது. தஞ்சாவூர்ல வீணை கொடையறவங்க எப்பவும் தேங்காய் சிரட்டை துண்ட காட்டி இந்த வளைவுன்னு கேப்பாங்க, அப்படி ஏதாச்சும் குடுத்தா இன்னும் வசதி. புடி நீங்களே போட்டுக்கறீங்களா?

கொள்ளிடக்கரையான்
புடி நான் பூவரசுல கடைஞ்சுக்கறேன், பூண் மட்டும் வேணும்.

திருவாரூர் தச்சன்
எனக்கும் ஒரு இன்ச்சுல ரெண்டு சேத்து சொல்லும்மா, முதுகு கொஞ்சம் தடிமனா.

காரைக்கால் கப்பல்காரன்
அடுத்த மாசம் கப்பல்லேருந்து சைன் ஆஃப் ஆகி எறங்கறேன், ஊர்லதான் இருப்பேன். என் ஜப்பான் உளியையும் எடுத்துட்டு வர்றேன், அப்பாவுக்கு முன்னாடியே ரெண்டையும் ஒரே வேங்கை கட்டைல போட்டு பாத்துடுவோம். வாத்தியாரையும் கூட்டிட்டு வாங்க, அரம் போட்டு பாக்க.

பட்டறை வீட்டுப் பொண்ணு
தாராளமா வாங்க. அமாவாசை அன்னிக்கி மட்டும் வந்துடாதீங்க, உலை பத்த வைக்க மாட்டாங்க.